பிடித்து வைத்துப் பல் துலக்கலாமா?

ஓட்டிசம் உள்ள ஆறு வயதுப் பிள்ளை பல் துலக்க மறுக்கிறான். தாய் மடியில் கிடத்திக் கையைப் பிடிக்க, அம்மம்மா தலையை அசையாமல் பிடிக்க, பிரஷ் வாய்க்குள் போகிறது. பிள்ளை கதறி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. எட்டு வயது அக்கா தன் பல்லைத் தானே துலக்கிவிட்டுப் படுக்கப் போகிறாள். அவள் ஒழுங்காகத் துலக்கினாளா என்று பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பில்லை. பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி என்று மன்னார்க் கரையோரத்தின் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். அந்தத் தாய் செய்தது சரியா?

சரி என்பவர்களின் பக்கம் இலேசானதல்ல. 2015-16ஆம் ஆண்டின் தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, இலங்கையின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 63 சதவீதமானோருக்குப் பாற்பல்லில் சூத்தை இருந்தது. கம்பஹா மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசத்தைக் கண்டது. இரண்டும் ஒரே பிள்ளையில் சேரும்போது வலிக்கு வாயில்லாமல் போகிறது. பேசும் பிள்ளை பல்லுக்குத்து என்று அழும். பேசாத பிள்ளை கன்னத்தில் அறைந்துகொள்ளும், சுவரில் தலையை இடிக்கும், சோற்றைத் தள்ளிவிடும், இரவில் உறங்காது. ஊர் அதை ஓட்டிசத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளும். கொடுப்புப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருப்பது கன்னம் வீங்கிய பிறகுதான் தெரியவரும். இவ்வளவு வேதனையைத் தடுக்க ஓரிரு நிமிட அழுகை பெரிய விலையா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளை அழுவது பிடிவாதத்தால் அல்ல. மற்றவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் பற்பசை அவனுக்கு மிளகாயாய் எரியலாம். நுரை தொண்டையை அடைக்கிறது, பிரஷின் நார் முரசில் முள்ளாகக் குத்துகிறது. ஒவ்வோர் இரவும் பிடித்து அமுக்கப்படும் பிள்ளை சுத்தத்தைப் படிப்பதில்லை. தன் வாய் தனக்குச் சொந்தமில்லை என்பதையும், வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதையுமே படிக்கிறான். நாளைக்குப் பல் வைத்தியரின் கதிரையைக் கண்டதும் ஓடுபவனும் அவன்தான். பல்லைக் காக்கச் செய்த பலவந்தம் பல் வைத்தியத்தையே அவனுக்கு எட்டாததாக்கிவிடலாம்.

இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்த்தால் கேள்வி தெளியும். காய்ச்சலோடு முகம் வீங்கிய பிள்ளையைப் பிடித்தாவது, மயக்க மருந்து கொடுத்தாவது சிகிச்சை செய்ய வேண்டும். அங்கே தயங்குவதுதான் தவறு. அன்றாடத் துலக்கல் அப்படியல்ல. அதற்கு வேறு வழி உண்டு: வாசனையில்லாத புளோரைடு பற்பசை, மூன்று வயதுக்குள் அரிசியளவும் அதற்குமேல் பட்டாணியளவும், முதல் கிழமை வெறும் பிரஷைக் கையில் கொடுத்து விளையாட விடுதல், பின்பு உதட்டில், பின்பு முன்பல்லில், தினமும் ஒரே இடம், ஒரே நேரம், பத்து எண்ணியதும் நிறுத்துதல். எண்ணி முடிந்தால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்த பிள்ளை பெரும்பாலும் அடுத்த பத்துக்கும் வாயைத் திறக்கும்.

இந்த வழிக்கு மாதக் கணக்கில் பொறுமையும், அந்த நேரத்தில் வேறு வேலையில்லாத ஒரு பெரியவரும் வேண்டும். தகப்பன் விடியுமுன் தொழிலுக்குப் போய்விடுகிறான். தாய் கருவாடு காயவைத்து, சமைத்து, தண்ணீர் அள்ளி ஓயும்போது இரவாகிவிடுகிறது. அவளுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு நிமிடந்தான். அவள் கையில் இருந்தது பலவந்தம் மட்டும் என்றால், வேறொன்றை அவள் கையில் கொடுக்க வேண்டியவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் அதற்கு ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இலவசமாகப் பார்க்கிறார்கள். வாயைத் திறந்து இருக்கும் பிள்ளைக்கு இது பெரும் கொடை. இருக்க முடியாத பிள்ளைக்கும் அதே கதிரை, அதே வரிசை, அதே சில நிமிடங்கள் என்றால், சமமாக நடத்துவதாகச் சொல்லி அவனை வெளியே நிறுத்துகிறோம். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, காத்திருக்கும் நெரிசலில் பிள்ளை குழம்பி, “பிறகு ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்ற சொல்லோடு திரும்பும் தாய்க்கு அடுத்த முறை என்பது இலேசில் வராது. அன்றைய முதல் ஆளாகக் கூப்பிடுவதும், முதல் வரவில் கதிரையில் ஏறி இறங்குவதோடு அனுப்பிவிடுவதும், சோதனை விளக்கைத் தணித்து வைப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள்.

சூத்தை விழுந்த பிறகும் துளைபோடும் இயந்திரம் ஒன்றே வழியல்ல. வெள்ளி கலந்த புளோரைடுத் திரவம் ஒன்றை, காயவைத்த பல்லில் சிறு தூரிகையால் தடவினால் பெரும்பாலும் சூத்தை பரவாமல் நிற்கும். ஊசியில்லை, இரைச்சலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை: தடவிய சூத்தை கறுத்துவிடும். மடுத் திருவிழாவில் எடுக்கும் படத்தில் பிள்ளையின் முன்பல் கறுப்பாகத் தெரிவதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள். எனினும் அந்தக் கூச்சம் பெரியவர்களுடையது, வலி பிள்ளையுடையது. விழப்போகும் பாற்பல்லில் எதற்கு எடை கூட என்று விளக்கிச் சொல்லி, முடிவைக் குடும்பத்திடம் விடுவதே வைத்தியரின் கடமை.

அக்காவின் பங்கும் இந்தத் தராசில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க முடியாது. கொடுப்பது நியாயமும் அல்ல. ஆனால் சொன்னபடி கேட்கிறாள் என்பதற்காக அவளைப் பாராமல் விடுவது, நல்ல குணத்துக்கு விதிக்கும் தண்டனை. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் நிலைப்பல்லைப் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடும் வீடுகள் பல. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், பல்லில் தொடங்கிய கிருமி மூளைக்கு ஏறி இறந்தான். 80 டொலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. அவனுடைய தாய் அந்நாட்களில் பல் வைத்தியரைத் தேடி அலைந்தது அவனுக்காக அல்ல, சூத்தைப் பற்களோடு இருந்த தம்பிக்காக. இவன் பல் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சத்தம் போடாத பிள்ளைக்கு நோயில்லை என்று எந்தக் குடும்பமும் எண்ணிவிட முடியாது.

அதே அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி முதலில் கவலை தெரிவித்ததற்கும் ஓட்டிசம் என்று உறுதியானதற்கும் இடையே சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்ததைக் காட்டியது. பாற்பற்கள் முளைத்துச் சூத்தையாகும் காலமும் அதுதான். மன்னாரில் இது பிந்துவதன் காரணங்கள் வேறு. போர், இடப்பெயர்வு, 1990இல் முஸ்லிம் மக்களின் வெளியேற்றம், 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் குவிந்த நிபுணர்கள் என்று அவை நீளும். இரண்டு இடத்திலும் பிந்தியது ஏற்பாடு. பழி போய்ச் சேர்வது தாயிடம்.

இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, சுகாதாரச் சேவை கிராமங்கள் உட்பட அவர்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும் என்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு வருகிறார். முதற்பல் முளைக்கும்போதே துலக்கும் முறையைக் காட்டித் தரக்கூடியவர் அவரே. எது பிந்தினாலும் இது பிந்தத் தேவையில்லை.

ஆகவே, அவசர நாளில் பிடிப்பது கடமை. தினமும் பிடிப்பது தவறு. ஆனால் அந்தத் தவறு முதலில் தாயின் கணக்கில் எழுதப்படுவதில்லை. “பிள்ளையைப் பிடிக்காதே” என்று அவளிடம் சொல்லும் உரிமை, பிடிக்கத் தேவையில்லாதபடி அவளுக்கு உதவியவர்களுக்கே உண்டு.