பேசாத பிள்ளைக்கு முருகன் அருள் இல்லையா?

ஓம் சரவணபவ!

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயசு வரைக்கும் பேசல. அப்பா, அம்மா திருச்செந்தூர் சந்நிதியில் விரதம் இருந்து கிடந்தாங்க. செந்திலாண்டவன் அருளால் பிள்ளை வாய் திறந்தான். கந்தர் கலிவெண்பா பிறந்தது. கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், நாலு வயசாகியும் பேசாத பிள்ளையை இடுப்பில் சுமக்கிற அம்மாக்கள்கிட்ட இந்தக் கதையைத்தான் நாம சொல்றோம். "செந்தூருக்குக் கூட்டிட்டுப் போம்மா, பேசிருவான்." அவங்களும் போறாங்க. மொட்டை போடுறாங்க, சஷ்டி விரதம் இருக்காங்க. பிள்ளை பேசல. அப்புறம் நம்ம பேச்சு மாறுது. "வேண்டுதல்ல எங்கேயோ குறை இருக்கு. போன ஜென்ம வினையா இருக்கும்."

ஆறுதலா ஆரம்பிச்ச கதை, கடைசியில் அந்த அம்மா மேல குற்றச்சாட்டா முடியுது. அவங்க அடுத்த தடவை கோயிலுக்கு வரவே யோசிக்கிறாங்க. முருகன் பேரைச் சொல்லி ஒரு தாயை முருகன்கிட்ட இருந்தே விலக்குறோம். இது சரியா?

வினைன்னு ஒண்ணு இருக்குன்னு நம்ம சமயம் சொல்லுது. நான் மறுக்கல. ஆனா அருணகிரிநாதர் தன்னோட வினையைச் சொல்லித்தான் அழுதார். அடுத்த வீட்டுப் பிள்ளையோட வினையைக் கணக்குப் பார்க்கிற வேலையை யார் நமக்குக் கொடுத்தா? அந்தப் பிள்ளையோட போன ஜென்மம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அந்த அம்மாகிட்ட நாம இன்னைக்கு என்ன சொன்னோம், என்ன செஞ்சோம்ங்கிறது தெரியும். அதுதான் நம்ம வினை.

சுவாமிமலையை நினைச்சுப் பாருங்க. அப்பா சிவபெருமானே சீடனா இறங்கி வந்து, பிள்ளைகிட்ட காதைக் கொடுத்த தலம் அது. பேச்சு வராத பிள்ளையும் சொல்லிட்டுத்தான் இருக்கு. கையைக் காட்டும், இழுக்கும், சிரிக்கும், கத்தும். படத்தைத் தொட்டுக் காட்டிக்கூட சொல்லும். அதைப் புரிஞ்சுக்கிறதுக்குக் காது கொடுக்கணும், பழகணும்.

இன்னொரு ஊரைச் சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா தென்காசிக்குப் போற ரோடு நமக்குப் பழக்கம்தான். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலும் படிப்பாயச வேண்டுதலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயல் இல்லை. அவர் திரும்ப எழுந்து நடக்கல. ஆனா 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கினார். தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் 1992-ல் அவரோட சேர்ந்தார். இன்னைக்கு அங்கே பள்ளி இருக்கு, பயிற்சி இருக்கு. சின்னக் குழந்தைகளோட வீட்டுக்கே பணியாளர்கள் போய், அப்பா அம்மாவுக்கும் சொல்லிக் கொடுக்கிறாங்க. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கிடைச்சது.

அவர் நடந்திருந்தா அருள்னு சொல்லியிருப்போம். நடக்காமலே அவரால் இத்தனை பிள்ளைகளுக்கு வழி பிறந்ததே, அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

"அப்போ அற்புதத்தை நம்பக் கூடாதா?"ன்னு சிலர் கேட்பீங்க. தாராளமா நம்புங்க. ஆனா "அடுத்த தைப்பூசம் வரைக்கும் பார்ப்போம்"னு காத்திருந்தா பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு. மூளை வேகமா வளர்ற முதல் சில வருஷங்களில் கொடுக்கிற பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். தெரபிக்குப் போறது பக்திக் குறைவு இல்லை. வேண்டுதலும் இருக்கட்டும், பயிற்சியும் நடக்கட்டும்.

எங்கே போறது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டுமே தனித்தனி ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம் உண்டு. 18 வயசு வரை உள்ள பிள்ளைகளுக்காக சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் அது மூலமா கிடைப்பாங்க. வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடும் இருக்கு. யூடிஐடி அட்டை, மாத உதவித்தொகைக்கு விருதுநகர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு நிராமயா காப்பீடு இருக்கு. வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. "எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?"ங்கிற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. 1999-ஆம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயசு ஆனதும் கலெக்டர் இருக்கிற குழு மூலமா சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம்.

இதெல்லாம் இருக்கு. ஆனா மில்லில் ஷிப்ட் பார்க்கிற, சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியில் நிக்கிற அம்மாவுக்கு விருதுநகர் போய்வர ஒரு நாள் கூலி போயிரும். போனாலும் எந்த ஜன்னல்ல கேட்கிறதுன்னு தெரியாது. இங்கேதான் நம்ம வேலை இருக்கு. பாதயாத்திரைக்கு அன்னதானப் பந்தல் போடுற நம்ம பசங்களால ஒரு அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடப் போய் வர முடியாதா? கிருத்திகை அன்னைக்கு அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கிட்டா அந்த அம்மா நிம்மதியா தரிசனம் பண்ணுவாங்க. பஜனையில் அந்தப் பிள்ளை சத்தம் போட்டா திரும்பி முறைக்காம இருக்கலாம். அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி அவனும் கும்பிடுறான்.

குமரகுருபரர் கதையைத் தொடர்ந்து சொல்வோம். சொல்லி முடிச்சதும் அந்த அம்மாகிட்ட, "வாங்க அக்கா, திங்கட்கிழமை வள மையத்துக்குச் சேர்ந்தே போவோம்"னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!