நாணம் எவருக்குக் காவல்?

நாண் என்னும் பண்பிற்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அதன் தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டையும் தெளிவாக்கினார். தகாத செயலைச் செய்ய அஞ்சி ஒதுங்குவது ஒருவகை நாண். மகளிர்க்கு இயல்பென்று சொல்லப்படும் கூச்சம் வேறொரு வகை. முன்னது செய்பவனின் கையைத் தடுக்கிறது. பின்னதோ, பல வேளைகளில், துன்புறுபவளின் வாயை அடைத்துவிடுகிறது. உலகின் பல சமுதாயங்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழம்பின. செய்தவன் நாணாவிடினும் சொன்னவர் நாண வேண்டும் என்று விதித்தன. இக்குழப்பம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் சிற்றிதழ் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அந்நாளைய அமெரிக்கச் சட்டம் இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில் வந்தது. அம்மரபின்படி மணமான பெண் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்லள், கணவனுள் அடங்கியவள். அவள் ஈட்டிய கூலியும் அவனுக்கே உரியது. இதைக் கண்டு மனம் பொறாத சிலர் தம் திருமணத்தையே கண்டன மேடையாக்கினர். நியூயார்க்கில் ‘ஃப்ரீ என்கொயரர்’ இதழை நடத்திய ராபர்ட் டேல் ஓவன், 1832-இல் மணம் புரிந்தபோது, மனைவியின் மீது சட்டம் தமக்கு வழங்கும் அநீதியான உரிமைகளைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தார். 1855-இல் லூசி ஸ்டோனும் ஹென்றி பிளாக்வெல்லும் அத்தகைய அறிக்கையைத் தம் மணவிழாவிலேயே படித்து, செய்தித்தாளிலும் வெளியிடச் செய்தனர். இதற்கிடையே 1848-இல் நியூயார்க் மாநிலம் மணமான மகளிரின் சொத்துரிமையை ஏற்றுச் சட்டம் இயற்றியது. அமீலியா புளூமரின் ‘தி லில்லி’ 1849-இலும், எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் அந்தோணியும் நடத்திய ‘தி ரெவல்யூஷன்’ 1868-இலும் தோன்றின. பெண்ணின் சொத்து, கல்வி, வாக்குரிமை ஆகியவை பேசத்தக்க பொருள்களாயின.

ஒன்று மட்டும் பேசத்தகாததாகவே நின்றது. அது மணவாழ்க்கைக்குள் பெண்ணின் உடல் எவருடையது என்னும் வினா. மாத்யூ ஹேல் என்னும் ஆங்கில நீதிபதியின் நூலொன்று, அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1736-இல் அச்சேறியது. மனைவி மணத்தின்போதே தன் இசைவைக் கொடுத்துவிட்டாள். அதனை அவள் திரும்பப் பெற இயலாது. ஆதலின் கணவன் அவளிடம் செய்யும் வன்முறை பலாத்காரக் குற்றம் ஆகாது என்பது அவர் கருத்து. நீதிமன்றங்கள் அக்கருத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றின. 1873-இல் அந்தோணி காம்ஸ்டாக் என்பாரின் முயற்சியால் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், ஆபாசமானது எனக் கருதப்படும் எதனையும் அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. காம்ஸ்டாக்கே அஞ்சல் துறையின் சிறப்பு அலுவலராகவும் அமர்ந்தார். சிறிய ஊர்களிலிருந்து வெளிவந்த இதழ்களுக்கு அஞ்சலே உயிர்நாடி. அந்த நாடியின்மேல் அரசின் விரல் பதிந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘தி வேர்ட்’ என்னும் இதழை நடத்திய எஸ்ரா ஹேவுட், திருமண முறையைக் கண்டித்து எழுதிய சிறு நூலுக்காக 1878-இல் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே குடியரசுத் தலைவர் ஹேஸ் அவரை மன்னித்து விடுவித்தார். அவரினும் நெடிய துன்பத்தை ஏற்றவர் மோசஸ் ஹார்மன்.

ஹார்மன் கன்சாஸ் மாநிலத்தின் வேலி ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். தம் இதழுக்கு 1883-இல் ‘லூசிஃபர்’ என்று பெயரிட்டார். கிறித்தவ உலகில் அது சாத்தானின் பெயர். ஆயினும் அச்சொல்லின் மூலப்பொருள் ஒளி ஏந்தி, அதாவது விடிவெள்ளி என்பதே என அவர் விளக்கினார். 1886 செப்டம்பரில் அவர்தம் மகள் லில்லியனும், இதழின் துணையாசிரியர் எட்வின் வாக்கரும், உரிமச்சீட்டும் பாதிரியாரும் இன்றி மணந்துகொண்டனர். மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பது போன்ற சடங்கு அந்நாட்டிலும் உண்டு. ஹார்மன் அதற்கு இசையவில்லை. அவள் என்றும் தனக்குத் தானே உரியவளாக இருக்க வேண்டும் என்றார். மணமகனோ, இனியும் தம்மை மறுக்கும் உரிமை அவளுக்கு முழுமையாக உண்டு என்று அறிவித்தார். சட்டப்படி மணக்காத குற்றத்திற்காக வாக்கருக்கு 75 நாளும் லில்லியனுக்கு 45 நாளும் சிறை விதிக்கப்பட்டது.

அதே ஆண்டு ‘லூசிஃபர்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. மகப்பேற்றில் கடுங்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு மருத்துவர்கள் அறுவை செய்து தையலிட்டிருந்தனர். புண் ஆறி வரும்போதே கணவன் அவளை வலிந்து அணைந்தான். தையல் கிழிந்து முன்னினும் கொடிய நிலைக்கு அவள் ஆளானாள். கடிதத்தை எழுதியவர் கேட்டது இதுதான்: இதே காயத்தை அவன் கத்தியால் விளைவித்திருந்தால் சட்டம் அவனைப் பிடித்திருக்கும், இப்போது எந்தச் சட்டம் பிடிக்கும்?

சட்டம் பிடிக்கத்தான் செய்தது. கணவனை அன்று, கடிதத்தை அச்சிட்டவரை. உடலின் பெயரை மறைக்காமல் எழுதியது ஆபாசம் என்று வழக்குத் தொடரப்பட்டது. 1890-இல் ஹார்மனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டால் இடையில் வெளிவந்தபோதும் வழக்குகள் ஓயவில்லை. இறுதியாக 1906-இல், எழுபத்தைந்து வயதில், ஜோலியட் சிறையில் அவர் கல்லுடைத்தார். செயல் குற்றம் ஆகவில்லை. அதைக் குறித்த சொல் குற்றம் ஆயிற்று.

எதிர்வாதத்தையும் நாம் நேர்மையுடன் கேட்க வேண்டும். குழந்தைகள் கையிலும் இதழ் அகப்படுமே. வீட்டின் மறைவைத் தெருவில் விரித்தால் குடும்பம் என்னாவது என்பர். இது வெறும் பாசாங்கு அன்று. குடும்பத்திற்கு மறைவு வேண்டும். மறைவின்றி அன்பும் வளராது. ஆனால் மறைவு வேறு, மறைப்பு வேறு. இருவரும் விரும்பிக் காப்பது மறைவு. ஒருவர் வலியின்மேல் மற்றவர் இழுத்து மூடுவது மறைப்பு. ஊரையும் உறவையும் விட்டு வெகுதூரம் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. மணமாகித் தொலைவூர் சென்ற மகள், உள்நாட்டுக் கடிதத்தில் ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதிய காலம் உண்டு. அந்த வரிக்குள் எத்தனை நலம் இருந்தது என்பதை எந்தத் தாயாலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மில் பலர் ஒன்று அறிவோம். கோப்பில் ஏறாத குறை, குறையாகவே கருதப்படுவதில்லை. மனு வர வேண்டும். அதற்கு எண் இட வேண்டும். அப்போதுதான் ஒருவர் அதற்கு விடை சொல்லக் கடமைப்படுகிறார். சமுதாயமும் அவ்வாறே. பெயரிடப்படாத துன்பத்திற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. அக்கடிதம் செய்தது பதிவு. அரசு தடுத்ததும் அப்பதிவையே.

ஆயினும் ஹார்மனை நாம் மாசற்றவராகப் போற்றத் தேவையில்லை. லில்லியனுக்கு அப்போது வயது பதினாறு, வாக்கருக்கு முப்பத்தேழு. அவள் இசைவு எவ்வளவு விடுதலையானது என்று இன்றைய வாசகர் கேட்பது முறையே. 1907-இல் ஹார்மன் தம் இதழை மனித இன மேம்பாட்டைப் பேசும் ‘யூஜெனிக்ஸ்’ இதழாகப் பெயர் மாற்றினார். பெண் விரும்பித் தாயாவதையே அவர் நாடினார். எனினும் அச்சொல் பிறர் கையில் கொடிய கருவியாயிற்று. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை ஏற்றது. பெண்ணின் உடல் அவளுடையது என்னும் கொள்கையைக் கணவனுக்கு எதிராக மட்டுமன்றி, அரசுக்கும் அறிஞருக்கும் எதிராகவும் காக்க வேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

ஹார்மன் 1910-இல் மறைந்தார். ஹேலின் கருத்து அமெரிக்காவில் நெடுநாள் நிலைத்தது. 1976-இல் நெப்ராஸ்கா மாநிலம் கணவனுக்குரிய விலக்கை முதன்முதலில் நீக்கியது; 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் மனைவியைப் பலாத்காரம் செய்வது குற்றமாயிற்று. நம் நாட்டிலும் 1860-இன் தண்டனைச் சட்டம் அதே ஆங்கில மரபில் அவ்விலக்கை ஏற்றது. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உரிமையியல் வழியில் மனைவிக்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை அவ்விலக்கைத் தக்கவைத்துக்கொண்டது. கன்சாஸ் சிற்றிதழ் எழுப்பிய வினா அங்கு மட்டும் உரியதன்று.

வீட்டுச் செய்தி வெளியே போகலாகாது என்று நம் பெரியோர் சொல்வர். அது நல்ல அறிவுரையே. ஆனால் அதைக் காக்கும் கடமையை வலி தாங்குபவள் தலையில் வைப்பது அறம் ஆகாது. வெளியே சொல்லத்தகாதது உள்ளே நிகழாதிருக்கப் பார்த்துக்கொள்ளுதலே நாணுடையார் செயல்.