ஆக்கியோன் உரிமையும் அறிவின் பொதுமையும்

பிறன் பொருளைக் கவர்தல் குற்றம் என்பதை நம்மில் அறியாதார் இலர். ஒருவன் வீட்டு அரிசி மூட்டையை மற்றொருவன் தூக்கிச் சென்றால் அவனைக் கள்வன் என்கிறோம். ஆனால், ஒருவன் இயற்றிய பாட்டை மற்றொருவன் எடுத்துத் தன் ஆண்டு மலரில் அச்சிட்டுக்கொண்டால், அவன் எடுத்த நிழற்படத்தைத் தன் கடை விளம்பரத்தில் இட்டுக்கொண்டால், அவன் எழுதிய நூல் முழுவதையும் நகலெடுத்துக் கைப்பேசி வழியே நூறு பேருக்கு அனுப்பினால், அச்செயலை என்னென்பது? "நல்லதைப் பரப்பினேன், இதில் குற்றம் யாது?" என்பர் ஒரு சாரார். "உரிமை பெறாமல் ஒரு வரியையும் தொடாதே" என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பாதி உண்மையே என்பது எமது கருத்து.

அரிசியை இழந்தவன் பட்டினி கிடப்பான். பாட்டோ ஆயிரம் பேர் பாடிய பின்னும் புலவனிடத்திலேயே இருக்கிறது. ஆதலின், அறிவுப் பொருளை எடுத்தல் அரிசியை எடுத்தல் போன்றதன்று. ஆயினும், அதனை ஆக்கியவனுடைய உழைப்பு, நெல்லை விளைத்தவனுடைய உழைப்பினும் இளைத்ததன்று. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளாதவர் இவ்விஷயத்தில் நீதி காண இயலாது.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கருதினர்? நன்னூல் செய்த பவணந்தியார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தார். முன்னோர் கண்ட பொருளையும், சில இடங்களில் அவர்தம் சொல்லையும், பின்னோர் எடுத்தாளுதல் தகும் என்பதே பழைய மரபு. ஓலையைப் படியெடுத்தவனை எவரும் கள்வன் என்று கூறவில்லை. இதனைக் காட்டி, "தமிழர் அறிவைப் பொதுவாகவே வைத்திருந்தனர்" என்று பெருமை பேசுவோர் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்போம்: அந்த ஓலையைத் தொட்டுப் படிக்கும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததா? பிறப்பால் தாழ்த்தப்பட்டவனுக்கு இருந்ததா? பெண்ணுக்கு இருந்ததா? ஓலைக்கு விலை இல்லை. ஆனால் வாசலில் சாதி நின்றது. அறிவின் பொதுமை என்பது நமக்கு வழிவழி வந்த சொத்தன்று. போராடிப் பெற்ற உரிமை. சாதி இட்ட வேலியை நீக்கிய இடத்தில் பணம் மற்றொரு வேலி இடுமானால், அதனையும் நாம் கண்காணித்தல் வேண்டும்.

நிற்க. பதிப்புரிமை என்னும் சட்டம் தோன்றிய வரலாறு சிந்திக்கத் தக்கது. 1710ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அரசி ஆன் காலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமே இவ்வகையில் முதன்மையானது. கல்வியை ஊக்குவித்தற்கான சட்டம் என்பதே அதன் தலைப்பு. புதிய நூலுக்கு அது அளித்த உரிமை 14 ஆண்டுகளே. அக்காலம் முடியும்போது ஆசிரியன் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். இவ்வுரிமை என்றென்றைக்கும் தமக்கே இருத்தல் வேண்டும் என்று இலண்டன் புத்தக வணிகர் வாதாடினர். 1774ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. ஆகவே, ஆக்கியோனுக்குச் சில காலம் ஊதியம், பிறகு நூல் மக்களுக்கு என்பதே இச்சட்டத்தின் தொடக்கக் கருத்து. வேலி இட்டதும் கல்விக்காகவே. வேலியைக் காலத்தோடு நீக்கச் சொன்னதும் கல்விக்காகவே.

தமிழகத்தில் இக்கருத்து பாரதியார் பாடல்களில் சோதிக்கப்பட்டது. பாரதியார் 1921ஆம் ஆண்டில் வறுமையில் மறைந்தார். அவருடைய எழுத்தின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து கைமாறிற்று. பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை தனியே விற்கப்பட்டு, பின்னர் ஏ.வி.எம். பட நிறுவனத்தாரிடம் வந்தது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் அவர்கள் அப்பாடல்களைச் சேர்த்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் தமது 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டொன்றைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் தம் உரிமையைக் காத்தல் சட்டப்படி பிழையன்று. ஆயினும், நாட்டுக்காகப் பாடியவனுடைய பாட்டைப் பாட நாட்டார் அனுமதி கேட்டு நிற்பதா என்ற குரல் தமிழகமெங்கும் எழுந்தது. 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையைத் தானே மேற்கொண்டது. குடும்பத்தாருக்கும் பணம் அளித்தது. பின்னர் அதனைப் பொதுமக்களுக்கே வழங்கிவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசாங்கம் உரிமையைப் பறிக்கவில்லை. விலை கொடுத்துப் பொதுவாக்கியது. கூலியும் கொடுக்கப்பட்டது, பாட்டும் விடுதலை பெற்றது.

நம் இயக்கத்தின் வாசலுக்கும் இக்கேள்வி வந்தது. பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் எழுதியவற்றையும் பேசியவற்றையும் ஓர் அமைப்பினர் தொகுத்து வெளியிட முற்பட, அவர் நிறுவிய நிறுவனத்தார் உரிமை எமதே எனக் கூறித் தடை கேட்டனர். 2009ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. தலைவர் எழுத்தைத் திரிபின்றிக் காத்தல் வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால், பரப்புதற்கென்றே எழுதப்பட்ட கருத்தைப் பெட்டியில் வைத்துக் காத்தல் காத்தலாகாது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்த்தால், ஒரு படைப்பைக் கையாள்பவன் ஆக்கியோனுக்கு மூன்று கடன்கள் பட்டிருக்கிறான் என்பது விளங்கும். முதலாவது, அவன் பெயரைச் சொல்லுதல். இரண்டாவது, அவன் சொல்லைத் திரிக்காதிருத்தல். மூன்றாவது, அவனுக்குரிய ஊதியத்தைக் கெடுக்காதிருத்தல். மூன்றாவது கடனுக்குச் சட்டம் காலவரை வகுத்திருக்கிறது. மலேசியாவில் ஆசிரியன் மறைந்தபின் 50 ஆண்டுகள். சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். முதல் இரண்டு கடன்களுக்கோ, சட்டம் என்ன கூறினும், அறம் காலவரை வகுக்கவில்லை. வள்ளுவர்க்கு இன்று எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் அவர் குறளைத் தம் குறள் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாமோ?

இனி, அனுமதியின்றியே எடுத்தாளத் தக்க இடங்கள் எவை? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆராய்ச்சி, தனிப்படிப்பு, திறனாய்வு, செய்தி அறிவித்தல் முதலியவற்றுக்காக நேர்மையாகக் கையாளுதலை அனுமதிக்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் நியாயமான பயன்பாட்டுக்கு இடந்தருகிறது. நியாயம் எது என்பதை அறிய நான்கு கேள்விகள் உண்டு. எந்த நோக்கத்திற்காக எடுத்தாய்? எடுத்த பொருள் எத்தன்மையது? எவ்வளவு எடுத்தாய்? அதனால் ஆக்கியோனுடைய விற்பனை கெட்டதா? ஒரு நாவலை மதிப்பிடுபவன் அதிலிருந்து பத்து வரிகளை எடுத்துக் காட்டினால் நாவலுக்கு வாசகர் பெருகுவர். அதே நாவலை முழுவதும் நகலெடுத்து வகுப்புக்கு விற்றால், நாவல் வாங்க ஆளிருக்காது. இரண்டும் எடுத்தலே, ஒன்று ஆக்கியோனுக்குத் துணை, மற்றொன்று அவன் வயிற்றில் அடி.

படைப்பின் வகைக்கு ஏற்ப இக்கேள்விகளின் விடையும் மாறும். செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி எல்லோர்க்கும் பொது. அதை எழுதிய நடை எழுதியவனுக்கு உரியது. எனவே செய்தியை நம் சொல்லில் கூறலாம். கட்டுரையை அப்படியே பெயர்த்தல் ஆகாது. நிழற்படத்தில் பத்து வரி, நான்கு வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. எடுத்தால் பெரும்பாலும் முழுவதையுமே எடுக்கிறோம். ஆதலின் அதில் நோக்கமும் பெயரும் முதன்மை பெறும். இசைத்தட்டிலோ பாட்டெழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் எனப் பலருடைய உரிமை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. பழைய புலவர் பாட்டு பொதுவாயிற்று என்பதனால் அதனை நேற்றுப் பாடியவருடைய பதிவும் பொதுவாகிவிடாது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்வதற்காக இணையத்தின் வழியே பதிவு செய்ய மக்களுக்கு உதவிய ஒரு சேவை, உரிமையை மீறவில்லை என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தனக்காக வைத்துக்கொள்ளுதல் வேறு. பதிவு செய்து சந்தையில் விற்றல் வேறு.

"நாங்கள் ஏழைகள், விலை கொடுக்க வழியில்லை, அறிவு எங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்பார் உண்டு. இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அறிவு வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒரு நூலை வாங்கிப் பத்துப் பேர் மாறி மாறிப் படிக்கலாம். எச்சட்டமும் அதனைத் தடுக்கவில்லை. நூலகத்தைக் கேட்டு வாங்கச் செய்யலாம். ஆசிரியருக்கே எழுதி அனுமதி கேட்கலாம். பெரும்பாலோர் மகிழ்ந்து இசைவர். அச்சில் இல்லாமல் கறையானுக்கு இரையாகும் பழைய மலேசியத் தமிழ் நூல்களை, உரியவர்களைத் தேடிக் கேட்டு, மறுபடியும் மக்களிடம் சேர்த்தல் நற்றொண்டு. ஆனால், நம் ஏழ்மையைக் காட்டி நாம் எவருடைய ஊதியத்தைத் தொடுகிறோம் என்பதை எண்ணவேண்டாமா? இந்நாட்டில் தமிழ் நூல் எழுதுவோர் செல்வரல்லர். பலர் தம் கைப்பணத்தைக் கொண்டே அச்சிடுகின்றனர். அவருடைய நூலை நகலெடுத்துப் பரப்புகிறவன், செல்வனுடைய களஞ்சியத்தில் கை வைக்கவில்லை. தன்னைப் போன்ற ஏழையின் கலயத்திலேயே கை வைக்கிறான்.

தோட்டத்தில் வேலை செய்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பால் வெட்டியவனுடைய பெயர் செக்ரோலில் ஏறாவிட்டால் அந்த நாள் அவனுக்கு நாளன்று. பெயர் ஏறாத இடத்தில் கூலியும் ஏறாது. மரம் தன்னுடையதன்று, நிலம் தன்னுடையதன்று. ஆயினும் உழைப்பு தன்னுடையது, அதனைக் கணக்கில் எழுது என்று கேட்டுப் போராடிய மக்கள் நாம். எழுதுகிறவனும் அதனையே கேட்கிறான். "இயற்றியவர் யாரோ" என்று கீழே எழுதி ஒரு கவிதையை அனுப்புகிறவன், தேடினால் கிடைக்கும் பெயரைத் தேடாமல், ஒருவனுடைய நாளைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறான்.

ஆகவே, அன்பர்களே, நாம் கொள்ளவேண்டிய விதி எளிது. படிக்க, ஆராய, மறுக்க, பிறர்க்கு எடுத்துக் காட்ட எவருடைய சொல்லையும் அச்சமின்றி வேண்டிய அளவு எடுத்தாளுவோம். அது அறிவின் உரிமை. எடுத்த இடத்தில் ஆக்கியோன் பெயரைச் சொல்லுவோம், சொல்லைத் திரிக்காதிருப்போம், விலைக்கு உள்ளதை விலை கொடுத்தே வாங்குவோம், அது நேர்மையின் கடன். இரண்டையும் ஒருங்கே காக்கும் சமுதாயத்தில் எழுதுவோரும் பெருகுவர், படிப்போரும் பெருகுவர்.