நாழிச் சோறும் நிறையாத வேட்கையும்



பஞ்ச காலத்தில் அகப்பட்டதையெல்லாம் உண்பது மனித இயற்கை. பண்டம் மலிந்த காலத்திலும் அவன் வயிறு கொண்டதற்கு மேல் உண்பதேன்? நம் முன்னோர் கூழுக்கு அலைந்தனர். இன்று நம்மிற் பலருடைய இல்லங்களில் அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் குடிபுகுந்துள்ளன. ஆகையால் இவ்வினா நம்முடையதே.

மூளையை ஆராய்ந்தோர் கூறும் விடை கருதத்தக்கது. 1954-ஆம் ஆண்டில், கனடா தேசத்து மக்கில் சர்வகலாசாலையில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் நுண்ணிய கம்பியைப் பொருத்தினர். நெம்புகோலை அழுத்துந்தோறும் சிறு மின்சாரம் பாய்ந்தது; எலி மீண்டும் மீண்டும் அழுத்தியது. அவ்விடமே இன்பத்தின் உறைவிடம் எனப் பலரும் எண்ணினர். பின்னர் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சார்ந்த பெரிட்ஜ் முதலியோர் வேறோர் உண்மை கண்டனர். டோபமின் என்னும் இரசாயனம் அற்றுப்போன எலி உணவை நாடுவதில்லை; எனினும் வாயில் இனிப்பை இட்டால் சுவைத்து மகிழ்கிறது. ஆகவே நாடுதல் வேறு, இன்புறுதல் வேறு. இன்பம் தணிந்த பின்னும் பண்டத்தின் தோற்றமும் மணமும் நாட்டத்தைக் கிளப்பக்கூடும். உணவு அரிதாயிருந்த காலத்தில் உயிரைக் காத்த அந்நாட்டமே, மலிந்த காலத்தில் உடலைக் கெடுக்கிறது.

ஆலையில் ஒரு பாவுநூல் அறுந்தால் தானியங்கித் தறி அக்கணமே நிற்கும். வயிறு நிறைந்த செய்தியோ மூளைக்குத் தாமதித்தே எட்டுகிறது. அதற்குள் கை இன்னும் இரண்டு கவளம் எடுத்துவிடுகிறது.

பகவன் புத்தர் இன்ப துன்ப உணர்ச்சியாகிய நுகர்வையும், அதனின்று எழும் வேட்கையையும் தனித்தனிக் கண்ணிகளாக வைத்தார். நம் மணிமேகலையும் அவ்வாறே பிரித்துரைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில்தான் விழிப்புக்கு இடமுண்டு.

கோசல நாட்டரசன் பசேநதி துரோண அளவு அரிசிச் சோற்றை உண்டு, மூச்சுத் திணறப் பகவன் முன் வந்தமர்ந்தான். பகவன் அவனை இகழ்ந்தாரில்லை. விழிப்புடன் அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பு மெல்ல வரும் என்னும் கருத்தமைந்த காதையொன்றை அருளினார். அரசன் சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை உணவு வேளையில் அக்காதையை ஓதப் பணித்து, நாள்தோறும் நூறு கஹாபணம் அளித்தான். சிறிது சிறிதாகக் குறைத்து, நாழிச் சோற்றில் நின்றான்.

கவனியுங்கள்! அரசன் தன் மனவுறுதியை மாத்திரம் நம்பவில்லை. உண்ணும் வேளையில் நினைவூட்ட ஒருவனை அருகில் வைத்தான். நமக்குக் கஹாபணம் வேண்டுவதில்லை. கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும், பெற்றோருக்கு மக்களும் சுதஸ்ஸனர் ஆகலாம். சோற்றுப் பானையை இலையருகே வையாதீர்கள். மறுசோறு இடுமுன், "கேட்பது வயிறா, வேட்கையா?" என்று அன்போடு வினவுங்கள். உடல் பருத்தவரை ஏளனம் செய்யாதீர்கள். நாட்டம் எல்லார் மூளையிலும் உளது. மிஞ்சும் அகப்பைச் சோறு பசித்தவனைச் சேரட்டும்.

சகல ஜீவர்களும் சுகமாயிருக்கட்டும்! சாது! சாது! சாது!