இலை ஏன் சிவக்கிறது?

  

நம் பிள்ளைகள் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் மஞ்சளும் சிவப்புமாய் இலை உதிர்க்கும் மரங்களைப் பார்க்கிறார்கள். பார்த்த கையோடு நம்மிடம் ஓடி வருகிறார்கள். “வாப்பா, இந்த இலையெல்லாம் ஏன் சிவப்பாயிருக்கு?” நம்மில் பெரும்பாலோர் என்ன விடை சொல்கிறோம்? “அல்லாஹ் அப்படிப் படைத்திருக்கிறான், போய் ஓது!” என்கிறோம். படைத்தவன் அல்லாஹ் என்பது முற்றிலும் உண்மை. ஆயினும் “போய் ஓது” என்பதோடு சேர்த்து அதைச் சொல்லும்போது, அந்த உண்மையைக் கொண்டே கதவைத் தாழிட்டு விடுகிறோம். இறைவன் பெயர் வந்தால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்று பிள்ளை ஐந்து வயதிலேயே பாடம் படித்துக் கொள்கிறது. பதினைந்து வயதில் அதே பிள்ளை, பள்ளிக்கூடத்து விஞ்ஞானம் வேறு, வீட்டு மார்க்கம் வேறு என்று இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்துக் கொண்டால், பழியை வாத்தியார் தலையில் போடுவது எந்த நியாயம்?

ஸூரத்துல் பகராவின் 260-வது வசனத்தை நினைவு கூருவோம். இறந்ததை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு என்று நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் இறைவனிடம் வேண்டினார்கள். நம்பிக்கையின்றிக் கேட்கவில்லை, உள்ளம் அமைதியுறவே கேட்பதாகவும் கூறினார்கள். அவர்கள் கேட்டது “எவ்வாறு” என்னும் கேள்வி! அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு அவர்களுக்குக் காட்டப்பட்டது. கலீலுல்லாஹ்வுக்கு அனுமதிக்கப்பட்ட கேள்வியை நாம் ஒரு மதலைக்கு மறுக்கலாமா?

ஆகவே, நாமும் காட்டுவோம். காட்டுமுன் நமக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

இலைக்குப் பசுமை தருவது பச்சையம் என்னும் பொருள். வெயிலை வாங்கி, காற்றையும் நீரையும் சேர்த்து, மரத்துக்கு வேண்டிய சர்க்கரையைச் சமைக்க உதவுவது அதுவே. 1817-ல் பாரிஸ் நகரில் பெல்த்தியே, காவெந்து என்னும் இரு மருந்தியல் அறிஞர்கள் அதைப் பிரித்தெடுத்தனர். பச்சையம் நிலையான பொருளன்று. சிதைந்து கொண்டேயிருக்கும், மரமும் புதிதாக ஆக்கிக் கொண்டேயிருக்கும். இங்கிலாந்து, கனடா, ஜப்பான் முதலிய நாடுகளில் கோடை கழிந்து பகல் குறுகத் தொடங்கியதும் மரம் அதை ஆக்குவதை நிறுத்துகிறது. பச்சை கரைகிறது, அதுவரை அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. அந்த மஞ்சள் புதிதாக வந்ததன்று, இலை தளிர்த்தது முதல் அதனுள் இருந்ததே. காரட் கிழங்கின் நிறமும் அதே இனம்தான்.

சிவப்பின் கதை வேறு. பெரும்பாலான மரங்களில் அது, உதிரப்போகும் தறுவாயில், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக ஆக்கப்படுகிறது. மங்குஸ்தீன் தோலைச் சிவக்க வைப்பதும் அவ்வினத்து நிறமே. வெயில் நிறைந்த பகலும், உறைபனியில்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். விழப்போகும் இலைக்கு ஏன் இந்தச் செலவு? மரம் தன் உணவுச் சத்தை இலையிலிருந்து மீட்கும்வரை கடும் வெயிலிலிருந்து அதைக் காக்கும் குடை என்பர் ஒரு சாரார். பூச்சிகளுக்கு எச்சரிக்கை என்ற கருத்தை ஹாமில்டன், பிரௌன் என்போரின் கட்டுரை 2001-ல் முன்வைத்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. இதையும் பிள்ளையிடம் சொல்லலாம். பெரிய பெரிய ஆலிம்களும் விஞ்ஞானிகளும் இன்னமும் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குத் தன் கேள்வியின் மதிப்புப் புரியும்.

“குளிரில் இலை செத்து விழுகிறது” என்று சொல்வாரும் உண்டு. அது சரியன்று. கோடையில் முறிந்துபோன கிளையைப் பாருங்கள். இலைகள் கருகியும் உதிராமல் அதிலேயே தொங்கும். ஏனெனில், உதிர்ப்பது உயிருள்ள மரம் செய்யும் வேலை! முதலில் இலையிலுள்ள சத்துக்களில் பெரும் பங்கை மரம் திரும்ப வாங்கிக் கிளையிலும் பட்டையிலும் வேரிலும் சேமிக்கிறது. பின்னர் காம்பின் அடியில் மெல்லிய பிரிவு அடுக்கொன்றை அமைக்கிறது. காற்று இலையைக் கொண்டுபோகும். புண்ணோ முன்பே மூடப்பட்டிருக்கும். இத்தனை ஏற்பாட்டையும் கேட்டுவிட்டு, “மரத்துக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?” என்று பிள்ளை வினவும். அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அது. அவன் அறியாமல் ஓர் இலையும் உதிர்வதில்லை என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 59-வது வசனம் அறிவிப்பதையும் அப்போது சொன்னால், கையிலிருக்கும் இலையைப் பிள்ளை வேறு கண்ணோடு பார்க்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். உதிரும் இலையைக் காட்டி ஐந்து வயதுப் பிள்ளைக்கு மௌத்தைப் பற்றிப் பயான் செய்யத் தொடங்காதீர்கள். அது நிறத்தைப் பற்றித்தான் கேட்டது.

“நம் ஊரில் ஏன் அப்படி இல்லை?” என்பது அடுத்த கேள்வியாக வரும். இதற்கு விடை நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தொழுகை நேர அட்டவணையை எடுங்கள். சிங்கப்பூரில் மஃரிபு நேரம் ஆண்டு முழுவதும் அரைமணி அளவே முன்பின்னாகிறது. பகலின் நீளமோ பத்து நிமிடங்கூட மாறுவதில்லை. லண்டனில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிபு. ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் மேல். வக்து பார்த்து நாம் தொழுவது போல, அந்நாட்டு மரங்கள் பகலின் நீளம் பார்த்துத் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஓதப் பழகிய பிள்ளைக்கு இது சட்டென விளங்கும்.

ஆனாலும் இலை சிவப்பதைக் காணக் கப்பலேற வேண்டியதில்லை. கடற்கரையிலும் சாலையோரத்திலும் நிற்கும் நாட்டு வாதுமை, மலாய்க்காரர் கெத்தாப்பாங் என்பது, பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை செக்கச்செவேலென இலை சிவந்து உதிர்க்கிறது. சண்டை மீன் வளர்க்கும் பையன்கள் அதன் காய்ந்த சருகைத் தண்ணீரில் போடுவார்களே, அந்த மரம்தான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் மரத்தையும் சொல்ல வேண்டியதில்லை. 1877-ல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்த அம்மரம், மலேசியாவில் ஆண்டின் முதல் மாதங்களில், வறட்சியை ஒட்டி, மஞ்சளும் செம்மையுமாகி மொட்டையாகிறது. அந்நாட்களில் பால் குறையும், பால் வெட்டுவோர் வருமானமும் குறையும். அந்தக் கஷ்டத்தைப் பட்ட பாட்டன்மார் இருந்தால் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். எந்தப் புத்தகத்தையும்விட அது நன்றாகப் பதியும்.

பச்சைக்கு அடியில் மஞ்சள் இருப்பதையும் கண்ணால் காட்டலாம். போலந்தின் வார்சா நகரில் 1903-ல் மிகாயில் ஸ்வெத் என்ற ருஷ்ய அறிஞர் இலை நிறங்களைத் தனித்தனியே பிரிக்கும் தம் முறையை எடுத்துரைத்தார். ருஷ்ய மொழியில் அவர் பெயருக்கே நிறம் என்றுதான் பொருள்! நாம் எளிய வழியில் செய்வோம். கீரை இலைகளைப் பொடியாகக் கிள்ளிக் கண்ணாடிக் குவளையில் இட்டு, அவை மூழ்குமளவு, ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட்டை ஊற்றி நசுக்குங்கள். குவளையை மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். அடுப்பருகே மட்டும் கூடாது, ஸ்பிரிட் தீப்பற்றும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும். பிறகு காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாளை நீளக் கீற்றாக நறுக்கி, நுனி மட்டும் நனையுமாறு தொங்கவிடுங்கள். நிறம் மெல்ல ஏறும். அஸர் தொழுதுவிட்டு வைத்தால் மஃரிபுக்கு முன் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு தனியே தெரியும். தாளைக் காய வைத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து விடுங்கள்.