பறக்கும் பல்லக்கு

பல்லக்கு ஒழிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒழியவில்லை, தோழர்களே! அதற்கு இறக்கை முளைத்திருக்கிறது.

வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தெற்கே, பனிக்கடலில் கிடக்கிறது லாங்இயர்பியன் என்னும் ஊர். நார்வே நாட்டு ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுகளின் தலைநகர் அது. தலைநகர் என்றதும் மாடமாளிகைகளை எண்ணிவிட வேண்டா. ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊர், நம் மணலூர்பேட்டையைவிடச் சிறியது. அக்டோபர் இறுதியில் மறையும் கதிரவன் பிப்ரவரி நடுவில்தான் அங்கே மீண்டும் தலைகாட்டுவான். 1975 முதல் அவ்வூருக்கு விமான நிலையம் உண்டு. ஆஸ்லோவிலிருந்து பயணிகள் விமானம் போகிறது. சீட்டு வாங்கியவர் எவரும் போகலாம். சீமான்களுக்கு அது போதவில்லை! பத்துப் பேர், சில வேளை இரண்டே பேர், விமானம் முழுவதையும் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு பறக்கிறார்கள் — பனியாறு பார்க்க, வெண்கரடி பார்க்க, வானில் நெளியும் துருவ ஒளி பார்க்க. அமர்த்தித் தருவதற்கென்றே நிறுவனங்கள், அழைப்பதற்கென்றே விளம்பரங்கள்.

"போகட்டுமே, உமக்கென்ன?" என்று கேட்கிறார்கள் சிலர். "அவன் பணம், அவன் செலவு. தென்பெண்ணைக் கரையில் உட்கார்ந்துகொண்டு துருவத்துக்குப் போகிறவனைக் குறை கூறுவது பொறாமையன்றி வேறென்ன?"

நல்ல கேள்வி. ஏசும் குரலில் கேட்கப்படுவதால் அது கெட்ட கேள்வியாகிவிடாது. ஆராய்வோம்.

வானூர்திக்கு நாம் பகைவரல்லர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் பேசி, அயல்நாடு சென்று மீண்டவனைப் பிராயச்சித்தம் செய்யச் சொன்ன கூட்டத்தின் வாரிசுகளுமல்லர். தந்தை பெரியார் 'இனிவரும் உலகம்' எப்படியிருக்கும் என்று எடுத்துரைத்தபோது, ஆகாய விமானம் அன்றாடப் போக்குவரவாகும் நாளைக் கண்டு மகிழ்ந்தார். ஆனால், அவர் கண்ட உலகில் விமானம் எல்லோருக்கும் உரியது. பணம் தனியொருவன் பெட்டியில் குவியாத உலகம் அது. விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எல்லோருக்கும்' என்பதை வழியிலேயே இறக்கிவிட்டனர் இன்றைய கனவான்கள்!

இந்த ஆசை துருவத்துக்குப் போகிறவர்களை மட்டும் பிடித்ததன்று. 2021 மே 23ஆம் நாள் மதுரையிலிருந்து ஒரு விமானம் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. உற்றார் உறவினரை ஏற்றிக்கொண்டு அது பறக்க, வானிலே நடந்தது திருமணம். கொரோனா இரண்டாம் அலை ஊரை உலுக்கிய திங்கள் அது. உயிர்க்காற்று கிடைக்காமல் மருத்துவமனை வாயில்களில் மக்கள் மூச்சுத் திணறினர். ஆக்சிஜன் கொள்கலன்களைச் சுமந்துகொண்டு அதே வானத்தில் ஓடிக்கொண்டிருந்தன விமானப்படை விமானங்கள். (நிலத்தில் கட்டினால் பெண்ணுக்கு விலங்காகும் தாலி, வானத்தில் கட்டினால் வேறொன்றாகிவிடுமோ? அது கிடக்கட்டும்.) 2024 மார்ச்சில் அம்பானி இல்லத் திருமணத்தின் முன்விழாவுக்காக, குஜராத்தின் ஜாம்நகர் விமான நிலையம் பத்து நாட்களுக்குப் பன்னாட்டு விமான நிலையமாக உயர்த்தப்பட்டது. பத்தே நாட்களுக்கு! கல்வராயன் மலையிலோ, 1976இல் ஜாகிர்தார் முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகும் நிலையிலும், நோயாளியைத் துணியில் தொட்டில் கட்டி, கம்பில் கோத்து, தோளில் சுமந்து இறங்கினர் என்ற செய்தி நமக்குப் புதிதன்று. மலைமக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது 2024 ஜூலையில். அந்தச் சுமத்தலை நாம் இழிவென்று சொல்லோம். உற்றாரை உற்றார் சுமப்பது அன்பு. பாதை போடாமல் வைத்திருந்தது இழிவு.

சுமத்தல் என்றதும் நினைவுக்கு வருகிறது குறளின் 37ஆம் பாட்டு. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்ந்து செல்பவனையும் வள்ளுவர் அங்கே நிறுத்திக் காட்டுகிறார். அதற்குப் பரிமேலழகர் தந்த உரை என்ன? அறத்தின் பயன் இன்னதென்று நூலால் உணர்த்த வேண்டியதில்லை. தூக்குகிறவனையும் அமர்ந்திருப்பவனையும் பார், விளங்கும் என்பது. முன்னைப் பிறவியில் புண்ணியம் செய்தவன் மேலே, செய்யாதவன் கீழே! பிற்காலத் தமிழறிஞர் சிலர் அப்பாட்டுக்கு வேறு பொருள் கண்டனர்: அவ்விருவர்க்கிடையே போய் நின்று, 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லிவிடாதே என்பது. எது வள்ளுவர் உள்ளம் என்று புலவர்கள் வாதிடட்டும். நம் இயக்கம் எந்தப் பொருளின்படி நடந்தது என்பதில் ஐயமில்லை. மனிதனை மனிதன் இழுத்த கைரிக்ஷாவை 1973இல் ஒழித்தது தமிழகத்தில் கலைஞர் அரசு. 2022இல் தருமபுரம் ஆதீனகர்த்தரைப் பல்லக்கில் சுமக்கும் பட்டினப் பிரவேசத்துக்குக் கோட்டாட்சியர் தடை விதித்ததும், கூக்குரல் எழுந்ததும், தடை விலகி மே 22இல் பல்லக்கு ஊர்ந்ததும் நாம் அறிந்தவை. "சுமப்பவர்கள் விரும்பியே சுமக்கிறார்கள்" என்றனர் அன்று பல்லக்குக்குப் பரிந்தவர்கள்.

விரும்பியே சுமந்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். பறக்கும் பல்லக்கைச் சுமப்பவர்களை விருப்பம் கேட்டவர் யார்?

கணக்குப் பார்ப்போம். சென்னையிலிருந்து லாங்இயர்பியன் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். பத்து மணி நேரப் பறப்பு. நெடுந்தொலைவு செல்லும் பெரிய தனிவிமானம் மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன் எரிபொருள் குடிக்கும். ஒரு டன் எரிபொருள் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மிகுதியான கரியமில வாயு வெளியாகும். போவதற்கு 40 டன், திரும்ப 40 டன். இந்தியர் ஒருவரின் பங்கு சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். ஆக, நாற்பது பேர் ஓராண்டு முழுதும் சமைத்து, விளக்கேற்றி, பேருந்தேறி வெளியிடுவதைச் சீமான் ஒருவர் போய்வரும் நேரத்தில் வெளியிட்டுவிடுகிறார். கல்வராயன் மலைக் குடியானவரை வைத்து எண்ணினால் நாற்பது என்பது எத்தனை மடங்காகும்!

இன்னும் கேளுங்கள். டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்னும் இரு அறிவியலறிஞர்கள் 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். காற்றில் சேரும் கரியமில வாயு ஒவ்வொரு டன்னுக்கும், செப்டம்பர்த் திங்களில் வடதுருவக் கடலை மூடியிருக்கும் பனியில் 3 சதுர மீட்டர் அழிகிறது என்பது அது. 80 டன்னுக்கு 240 சதுர மீட்டர். நம் ஊர் அளவில் 2,580 சதுர அடி. ஒரு மனைக்கும் சற்றுக் கூடுதல். பனியைப் பார்க்கப் போகிறார் சீமான், ஒரு மனை அளவுப் பனியைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறார்! ஸ்வால்பார்டில் இப்போது கட்டுப்பாடுகள் உண்டு: 2025 முதல், காக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது, வெண்கரடிக்கு 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. கரடியை எவ்வளவு அணுகலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அதன் காலடிப் பனியைக் கரைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய விமானத்தில் எத்தனை சிலர் வரலாம் என்பதற்குத்தான் விதி இல்லை.

2023இல் உலகெங்கும் தனிவிமானங்கள் கக்கிய கரியமில வாயு ஒரு கோடியே 56 லட்சம் டன். 2019இல் கக்கியதைவிட 46 விழுக்காடு மிகுதி. அப்பறப்புகளில் ஏறத்தாழப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவுக்கு!

துருவத்தில் கரைந்தால் நமக்கென்ன? தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து சாமியைக் கொண்டுவந்து தீர்த்தமாட்டுகிறார்களே, அந்தத் தென்பெண்ணையைக் கேளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. டிசம்பர் 2 விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் பாய்ந்தது. ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று திங்களே ஆன அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றங்கரை வயல்களில் பயிர் இருந்த இடத்தில் மணல் மேடிட்டது.

இந்த வெள்ளத்தை இந்த விமானம் கொண்டுவந்தது என்று நாம் சொல்வோமானால், கிரகணத்துக்குப் பாம்பைக் காரணம் காட்டுபவனுக்கும் நமக்கும் வேறுபாடில்லை. அப்படிச் சொல்லமாட்டோம். அறிவியல் சொல்வது இது: காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும், பெய்யும்போது கொட்டும். எந்த டன் எந்தத் துளியாயிற்று என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. பழைய பல்லக்குக்கும் புதிய பல்லக்குக்கும் உள்ள கொடிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அன்று சுமந்தவன் தன் தோளில் இருப்பவன் யாரென்று அறிந்திருந்தான். சினம் வந்தால் தண்டைக் கீழே போட்டுவிட்டு நடக்கலாம். இன்று சுமப்பவன் மணல் மேடிட்ட வயலில் நின்று வானத்தைப் பார்த்து, "எல்லாம் வருண பகவான் கோபம்" என்கிறான். தோளில் பல்லக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஊர்பவனும் எட்டிப் பார்த்ததில்லை. அவனுக்குக் கீழே தெரிவது மேகம்.

ஆகவே, "அவன் பணம், அவன் செலவு" என்பதில் பாதி உண்மை. பணம் அவனுடையது; சுமை அவனுடையதன்று. வாடகைச் சீட்டில் எழுதப்படாத பகுதியைக் கட்டுகிறவர்கள் வேறு யாரோ. கட்டுகிறவன் கணக்குக் கேட்பதற்குப் பெயர் பொறாமையா? 'முன்பிறவிப் புண்ணியம்' என்றது பழைய வைதீகம். 'சம்பாதித்தான், செலவழிக்கிறான்' என்கிறது புதிய வைதீகம். கேள்வி கேட்காதே என்பதில் இரண்டும் ஒன்றே.

துருவத்துக்கு யாருமே போகலாகாதா என்றால், போகவேண்டும். ஸ்வால்பார்டின் நை ஆலசுண்டில் 2008 ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்ட ஹிமாத்ரி, நம் நாட்டின் ஆய்வு நிலையம். 2023 டிசம்பரில் குளிர்கால ஆய்வுக்கும் நம் அறிவியலார் புறப்பட்டனர். அவர்களும் விமானத்தில்தான் போகிறார்கள், சிறிய விமானத்தில், மற்றவர்களோடு சேர்ந்து. 1979க்குப் பின் வடதுருவம் உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் சூடேறி வருகிறது என்று நாம் அறிந்திருப்பது, இவ்வாறு போய் அளந்தவர்களால். அந்தப் பயணத்தின் புகையையும் நாம்தான் சுமக்கிறோம். ஆனால் அதன் பயன் நம்மிடம் திரும்பி வருகிறது. சீமானின் பயணத்திலிருந்து நமக்குத் திரும்புவது என்ன? நிழற்படம்!

விமானிக்கும் பணியாளர்க்கும் பிழைப்புப் போகுமே என்பர் சிலர். கைரிக்ஷா ஒழிந்தபோதும் எழுந்த குரல் இது. இழுத்தவர்களுக்கு மிதிவண்டி ரிக்ஷாவைத் தந்தே ஒழித்தனர். பயணிகள் விமானத்துக்கும் விமானி வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்று கண்முன்னே இருக்கிறது. 2025 ஜூன் 30ஆம் நாள் ஸ்பெயினின் செவில் நகரில், பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ் உள்ளிட்ட எட்டு நாடுகள், தனிவிமானப் பயணத்துக்கும் உயர்வகுப்புப் பயணத்துக்கும் தீர்வை விதிக்க ஒன்றுசேர்ந்தன. அந்த எட்டில் இந்தியா இல்லை. ஏன் இல்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்கும்படி நம் உறுப்பினர்களுக்கு மன்றங்கள் தீர்மானம் அனுப்பலாம். வரும் தைத் திங்கள் ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டையில் மக்கள் திரளும்போது துண்டறிக்கையும் கொடுக்கலாம். அதில் நீண்ட பிரசங்கம் வேண்டா. 80 டன், நாற்பது பேர், ஒரு மனைப் பனி — இவ்வளவும், டிசம்பர் 2 விடியலில் அதே ஆற்றில் வந்த கன அடிக் கணக்கும் போதும்.