காதால் கற்கும் கன்னடம்

வகுப்பில் கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுவது, புது மொழியை எழுத்தாக அல்லாமல் ஒலியாகவும் பொருளாகவும் முதலில் தருகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இதற்குத் தனித் தேவை உண்டு. 1880-இல் தொடங்கி ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் மொழி தமிழ். 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் தமிழ்தான் பேச்சு. பள்ளியில் கன்னடம் கட்டாயம். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் விரித்தது. அண்டை வீட்டாரின் மொழி பிள்ளைக்குத் தேர்வுச் சுமையாக அறிமுகமாவது பெரிய இழப்பு.

கதை அந்த அறிமுகத்தை மாற்றும். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்பதால் பாதி வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. புலி கன்னடத்தில் ஹுலி, பால் ஹாலு, பூ ஹூவு. படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பிள்ளை இந்த ஒலி மாற்றத்தை விதி சொல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியர் படம் பிள்ளைகளை நோக்கியிருக்கப் புத்தகத்தைப் பிடித்து, வரிக்குக் கீழே விரல் ஓட்டி, நிதானமாக வாசிக்க வேண்டும். பக்கம் திருப்புமுன் 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்கலாம். பதில் தமிழில் வந்தால் தடுக்கக் கூடாது. கதை புரிந்ததற்கு அதுவே சான்று. தெரியாத சொல்லை ஒரு சைகையிலோ ஒரு தமிழ்ச் சொல்லிலோ விளக்கிவிட்டு நகர்வது நல்லது. அதே கதையை மறுநாளும் வாசிக்க வேண்டும். ஒரு கதையைப் பலமுறை கேட்பதும், இடையே சுருக்கமாகப் பொருள் சொல்வதும் பிள்ளைகளின் சொல்வளத்தைக் கூட்டுவதை நியூசிலாந்தின் வார்விக் எலி 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்குமுன் அவரும் பிரான்சிஸ் மங்குபாயும் ஃபிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில், வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில் பிள்ளைகளின் வாசிப்பும் கேட்டுப் புரிதலும் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறின.

கேள்வி-பதில் எழுதச் சொன்னால் கதை மறுபடி பாடமாகிவிடும். கதை வாசிக்கும் நேரத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை, அதே படங்களோடு, தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகக் கிடைக்கும். முதல் நாள் தமிழில் வாசித்துவிட்டால், மறுநாள் கன்னடத்தில் கேட்கும் பிள்ளைக்குக் கதை தெரியும், சொற்கள் மட்டுமே புதிது. தொடக்கத்துக்குப் பக்கத்துக்கு ஓரிரு வரியும், எல்லாரும் சேர்ந்து சொல்லத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியும் உள்ள புத்தகம் ஏற்றது. பெரிய வகுப்பில் படம் பின்வரிசைக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பாதிப் பாதியாகத் தரையில் அருகே உட்காரவைத்து வாசிக்கலாம்.